பாராங்கும் பழைய பயணச் சாமான்களும்: பினாங்கில் புதிதாகத் தொடங்குபவருக்கு

பினாங்கில் ஒரு நல்ல பாராங் (புதரும் கிளையும் வெட்டும் கனமான கத்தி) வாங்க மலையேற்றச் சாமான் கடையைத் தேடி அலைய வேண்டாம். புக்கிட் மெர்தாஜாமோ பாலிக் பூலாவோ நிபோங் திபாலோ, சந்தைக்குப் பக்கத்தில் ஓர் இரும்புக்கடை இருக்கும். மண்வெட்டிக்கும் தகர வாளிக்கும் நடுவே பாராங்கும் தொங்கும். பழத்தோட்டக்காரர்களும் செம்பனையில் வேலை செய்பவர்களும் அங்கேதான் வாங்குகிறார்கள். அந்தக் கடை வாசலில் முதல் தடவையாக நிற்பவருக்காக இதை எழுதுகிறேன். பழைய காலப் பயணிகளின் தொப்பி, தோள்பை, திசைகாட்டி, விளக்கு என்று சேர்க்க ஆசைப்படுபவருக்கும் இது உதவும்.

இரண்டையும் சேர்த்து எழுதக் காரணம் உண்டு. சாகசப் பயணம் என்றதும் கண்முன் வரும் சாமான்களில் பாதி, நம் தோட்டப்புறத்தில் அன்றாடம் புழங்கியவை. குகை ஆராயப் போனவர்கள் நெற்றியில் கட்டிய கார்பைட் விளக்கைத்தான் நம் தாத்தா பாட்டிமாரும் கட்டிக்கொண்டு, விடிவதற்கு முன் பால்மரம் (ரப்பர்) வெட்டப் போனார்கள். அதனால் வெளிநாட்டுச் சாமானுக்குக் காசைக் கொட்டுவதற்கு முன்னால் வீட்டுப் பரணையும் பெரியப்பா வீட்டுக் கொல்லைக் கொட்டகையையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

எதை வெட்டப் போகிறீர்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் கத்தி வாங்கக் கூடாது. தென் அமெரிக்க மச்செட்டி நீளமானது, மெல்லியது. அலகு சுமார் 2 மில்லிமீட்டர் தடிமன், 18 முதல் 24 அங்குல நீளம். வேகமாக வீசும்போதுதான் அது வெட்டும். லாலாங் புல், இளங்கொடி, வாழை மாதிரி சதைப்பற்றுள்ளவற்றுக்கு அருமையான கருவி. கட்டையான கிளையில் போட்டால் துள்ளும், இல்லையென்றால் பாதியில் மாட்டிக்கொள்ளும்.

பாராங் குட்டை, ஆனால் முதுகு தடிமன். எடை முனைப்பக்கம் கூடியிருக்கும். ரம்புத்தான் கிளை, காய்ந்த ரப்பர்க் கிளை, மூங்கில், பிரம்பு இவற்றுக்கெல்லாம் இந்தக் கனம்தான் வேலை செய்கிறது. நம் காட்டில் கெட்டித் தண்டுள்ள செடிகள் அதிகம் என்பதால்தான் இங்கே இந்த வடிவம் நிலைத்தது. சரவாக்கில் இபான் மக்கள் புழங்கும் டூக்கூ சண்டோங் என்ற கத்தியில் கைப்பிடி அலகோடு நேராக இல்லாமல் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். அதனால் வெட்டும்போது மணிக்கட்டு அதிகம் வளைய வேண்டியிருக்காது.

தமிழ்நாட்டு வெட்டரிவாளின் வளைந்த மூக்கு, தென்னை மட்டையை இழுத்து வெட்ட வசதியானது. புதருக்குள் அந்த மூக்கே கொடியில் மாட்டித் தொல்லை தரும். என் யோசனை இதுதான்: முதல் கத்தியாக 12 அங்குல அலகுள்ள பாராங் வாங்குங்கள். அது கைக்குப் பழகிய பிறகு மற்றதைப் பார்க்கலாம்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

கத்தியைக் கண்மட்டத்துக்குத் தூக்கி, பிடியிலிருந்து முனை வரை முதுகின் மேலே ஒரு கண்ணால் பாருங்கள். தச்சர் பலகை பார்ப்பது போலத்தான். கோடு நேராக ஓட வேண்டும். அப்புறம் பிடியை இரண்டு விரலால் மட்டும் தளர்வாகப் பிடித்து, அலகின் நடுவில் நகத்தால் சுண்டுங்கள். 'ணங்' என்று நீண்டு ஒலித்தால் நல்லது. 'டப்' என்று செத்த சத்தமோ கிடுகிடுப்போ கேட்டால் பிடி ஆடுகிறது, அல்லது எங்கோ விரிசல் இருக்கிறது. அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். தவுக்கே (கடைக்காரர்) கோபித்துக்கொள்ள மாட்டார். விவரம் தெரிந்தவர்கள் எல்லோரும் இப்படித்தான் பார்த்து எடுக்கிறார்கள்.

பழைய முறைப்படி செய்த பாராங்கில் அலகின் வால்பகுதியைச் சூடாக்கி, பிசின் நிரப்பிய மரப்பிடிக்குள் இறக்கியிருப்பார்கள். பிடியின் வாயில் ஒரு பூண் இருக்கும். பூணுக்கும் மரத்துக்கும் இடையே நகம் நுழைந்தால் வாங்காதீர்கள். பிடியை இறுக்கும்போது விரல்நுனி உள்ளங்கையை லேசாகத் தொட வேண்டும். அதைவிடப் பருமனாக இருந்தால் கை சீக்கிரம் சோர்ந்துவிடும்.

இரும்பைப் பற்றி அதிகம் குழம்ப வேண்டாம். 'பெசி ஸ்பிரிங்கா?' என்று கேளுங்கள். லாரியின் பட்டை ஸ்பிரிங் எஃகில் அடித்த பாராங் அடியைத் தாங்கும், அரத்துக்கும் அடங்கும். பளபளக்கும் எவர்சில்வர் அலகு சமையலறைக்குச் சரி, மரத்தை ஓங்கி வெட்ட வேண்டாம். வெளிநாட்டுத் தயாரிப்பு வேண்டுமென்றால், 1911இல் தொடங்கிய பிரேசிலின் டிராமொன்டினா மச்செட்டிகள் விலை குறைந்தவை, உழைப்பவை.

சட்டத்தை முதலில் படியுங்கள்

இதை யாரும் தாண்டிப் போகக் கூடாது. 1958ஆம் ஆண்டின் அரிக்கும் பொருள்கள், வெடிபொருள்கள், அபாயகர ஆயுதங்கள் சட்டத்தின் 6(1)ஆம் பிரிவு, தகுந்த அனுமதியோ சட்டப்படியான காரணமோ இல்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பதைக் குற்றம் என்கிறது. தண்டனை 5 ஆண்டுக்குக் குறையாத, 10 ஆண்டுக்கு மிகாத சிறை. பிரம்படியும் உண்டு. பழத்தோட்டத்தில் வேலைக்குக் கொண்டுபோவது வேறு விஷயம். அதே பாராங் ராத்திரி பதினோரு மணிக்குக் கார் இருக்கைக்கு அடியில் கிடந்தால் அதற்கு எந்த விளக்கமும் எடுபடாது. தோட்ட வேலை நம் பையன்கள் கையைவிட்டுப் போய்விட்ட இந்தக் காலத்தில், பாராங் என்றாலே சண்டைச் செய்தி நினைவுக்கு வருகிறது. அந்தப் பெயரை மாற்ற வேண்டியது இதை ஒழுங்காகப் புழங்குகிற நாம்தான்.

ஆகவே வீட்டிலிருந்து நேராகத் தோட்டம், தோட்டத்திலிருந்து நேராக வீடு. உறையில் போட்டு, சாக்கில் சுற்றி, கையுறை, அரம் மாதிரி மற்ற கருவிகளோடு காரின் பின்பெட்டியில் வையுங்கள். நடுவில் சாப்பாட்டுக்கடை, கோயில், ஃபெரி என்று சுற்ற வேண்டாம். வெளிநாட்டிலிருந்து கத்தி வரவழைக்க நினைத்தால் பணம் கட்டும் முன் சுங்கத்துறையிடம் கேளுங்கள். மடக்கென்று விரியும் கத்தி, குத்துவாள் வகைகள் பக்கமே போகாதீர்கள்.

காட்டுக்குப் போகும்போது என்ன செய்வது? தெலுக் பாஹாங்கில் உள்ள பினாங்கு தேசியப் பூங்கா 2003இல் அறிவிக்கப்பட்ட பாதுகாக்கப்பட்ட இடம். அங்கே செடி வெட்டக் கூடாது. கொடிமலையில் மூன்கேட் பாதையோ செரோக் தோக்குன் மலைப்பாதையோ நன்றாக நடந்து தேய்ந்த வழிகள், கத்திக்கு அங்கே வேலையே இல்லை. பாராங் பழக உங்கள் சொந்த நிலம் அல்லது உரிமையாளர் அனுமதி தந்த பழத்தோட்டம்தான் இடம். பாலிக் பூலாவ் சரிவுகளில் டுரியான், ஜாதிக்காய்த் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குப் பருவத்துக்கு முன் புதர் வெட்ட ஆள் கிடைப்பதில்லை. 'அங்கிள், சனிக்கிழமை வந்து கீழே துப்புரவு செய்து தரட்டுமா?' என்று கேட்டுப் பாருங்கள். வேலை பழகும், பருவத்தில் பழமும் வரும்.

கூர் வைப்பது

கடையிலிருந்து வரும் பாராங்குக்குச் சரியான கூர் இருக்காது. அதை நாம்தான் வைக்க வேண்டும். ஆயுள் முழுவதும் செய்யப்போகிற வேலை என்பதால் முதலிலேயே சரியாகப் பழகுங்கள்.

வேண்டியவை: 8 அல்லது 10 அங்குலத் தட்டை அரம், கார்போரண்டம் கல், தடித்த கையுறை, கறுப்பு மார்க்கர் பேனா. அரத்துக்கு மரப்பிடி கட்டாயம் வேண்டும். பிடியில்லாத அரத்தின் வால்முனை உள்ளங்கைக்குள் ஏறிவிடும்.

கத்தியை மேசையில் இரண்டு மரத்துண்டுக்கு நடுவே இறுக்குங்கள். வாய்ப்பக்கம் உங்களுக்கு எதிர்ப்புறம் இருக்கட்டும். வாய் ஓரம் முழுவதும் மார்க்கரால் கறுப்பாக்குங்கள். அரத்தைச் சுமார் 20, 25 டிகிரி சாய்த்து ஒரே ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் பாருங்கள். கறுப்பு மேல்பக்கம் மட்டும் அழிந்திருந்தால் அரம் ரொம்பப் படுத்திருக்கிறது. ஓரத்தில் மட்டும் அழிந்திருந்தால் ரொம்ப நிமிர்ந்திருக்கிறது. சரிவு முழுவதும் ஒரே சீராக அழியும்வரை கோணத்தை மாற்றுங்கள். கோணம் அகப்பட்டதும், தள்ளும்போது மட்டும் அழுத்தம், திரும்பும்போது தூக்கிவிட வேண்டும். பின்னுக்கு இழுத்துத் தேய்த்தால் அரத்தின் பல்தான் மழுங்கும்.

கொஞ்ச நேரத்தில் மறுபக்க ஓரத்தில் முடிபோல ஒரு சுருக்கு எழும்பும். கட்டைவிரலை ஓரத்துக்குக் குறுக்கே, வெளிப்பக்கமாக மட்டும் தடவினால் சொரசொரவென்று தட்டும். அது பிடியிலிருந்து முனைவரை வந்ததும் கத்தியைத் திருப்பிப் போட்டு அதே வேலை. கடைசியில் கல்லைத் தண்ணீரில் நனைத்துச் சின்ன வட்டமாகச் சுற்றித் தேய்த்தால் சுருக்கு போய்விடும். சோதிக்கக் காகிதம் வேண்டாம், வாழை மட்டையை ஒரு வீச்சு வீசினால் தெரியும். வெட்டுமுகம் நார் பிரியாமல் வழவழவென்று இருக்க வேண்டும்.

பிடிக்குப் பக்கத்தில் ஓர் அங்குலத்துக்குக் கூர் வைக்காமல் விடுங்கள், கை வழுக்கினால் விரல் தப்பும். ஓங்கி வெட்டுகிற முன்பகுதிக்குக் கோணம் சற்று அகலமாக இருக்கட்டும். மெஷின் சக்கரத்தில் தீட்டவே தீட்டாதீர்கள், தீட்டவும் கொடுக்காதீர்கள். ஓரம் நீலநிறமாக மாறினால் எஃகின் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அந்த இடம் இனிக் கூர் தாங்காது.

வெட்டுவது

நிற்கும் இடத்தில் உறையோடு கத்தியை நீட்டி மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள், தலைக்கு மேலேயும் பாருங்கள். தொங்கும் கொடியில் கத்தி தட்டித் திசைமாறித்தான் பல காயங்கள் ஏற்படுகின்றன. குளவிக்கூடு இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம். வீச்சு முடியும் இடம் உங்கள் காலுக்கு வெளியே இருக்க வேண்டும். தாழ்வாக வெட்ட வேண்டுமென்றால் மண்டியிடுங்கள்.

கிளையை நேர்க்குறுக்காக வெட்டாமல் சாய்வாக வெட்டினால் நார் எளிதில் அறும். ஆனால் தரையில் நிற்கும் இளங்கன்றைச் சாய்வாக வெட்டிவிட்டுப் போகாதீர்கள். மிஞ்சும் கட்டை ஈட்டியாக நிற்கும், அடுத்து வருபவர் அதன்மேல் விழலாம். மண்ணோடு ஒட்டி, தட்டையாக வெட்டுங்கள். வளைந்து இறுகி நிற்கும் மூங்கில் வெட்டுப்பட்டதும் சாட்டைபோல் அடிக்கும், அதற்கு எதிரில் நிற்க வேண்டாம். சரிவில் வேலை செய்யும்போது உங்களுக்குக் கீழே யாரும் இருக்கக் கூடாது.

உறையைப் பற்றி ஒன்று. மர உறை என்பது இரண்டு பலகை, பிரம்பால் கட்டியது. கத்தியை உருவும்போது இடதுகை விரல்கள் வாய்ப்பக்கத்தைச் சுற்றியிருந்தால், அலகு இரண்டு பலகைக்கும் நடுவே கிழித்துக்கொண்டு விரலில் இறங்கும். உறையை முதுகுப்பக்கத்திலிருந்து மட்டும் பிடியுங்கள். பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும்போது முதலில் இதைத்தான் காட்ட வேண்டும். இன்னொருவருக்குக் கத்தி தருவதானால் கையில் தராதீர்கள். கீழே வையுங்கள், அவர் எடுத்துக்கொள்வார். மணிக்கட்டில் கயிறு மாட்டுவதும் வேண்டாம். கத்தி நழுவினால் உங்களைவிட்டுத் தூரப் போகட்டும்.

காலுக்கு 'அடிடாஸ் கம்போங்' என்று எல்லோரும் கூப்பிடுகிற கறுப்பு ரப்பர்ச் சப்பாத்து போதும். பால்வெட்டுபவர்களும் செம்பனை ஆட்களும் போடுவது அதுதான். சேற்றில் பிடிக்கும், கழுவினால் உடனே காயும், விலையும் மலிவு.

பழைய சாமான் சேர்ப்பது

பினாங்கில் தொடங்க வேண்டிய இடம் ஜோர்ஜ்டவுன் பண்டாராயா அரங்கத்துக்குப் பக்கத்தில் கூடும் லோரோங் கூலிட் காலைச் சந்தை. முன்பு ஜாலான் பிந்தால் தாலியில் நடந்த பழஞ்சாமான் வியாபாரம்தான் அங்கே போனது. காலையிலேயே போங்கள், வெயில் ஏறினால் கடையைச் சுருட்டிவிடுவார்கள். முதல் தடவை எதையும் வாங்காமல் எல்லாவற்றையும் கையில் எடுத்துப் பாருங்கள். விலை கேட்கும்போது 'போலே கூராங், பாங்?' (குறைக்க முடியுமா, அண்ணே?) என்று சிரித்துக் கேட்டால் போதும், அடித்துப் பேச வேண்டாம்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஓர் அடையாளம். பிரிட்டிஷ் ராணுவச் சாமானில் மூன்று கோடு சேர்ந்த அம்புத்தலை முத்திரை இருக்கும். பக்கத்தில் செய்தவர் பெயரும் ஆண்டும். ஆஸ்திரேலியாவுடையதில் அம்பின் இரண்டு பக்கமும் 'டி' எழுத்து. மலாயா அவசரகாலத்தின்போது, அதாவது 1948 முதல் 1960 வரை, இந்தப் பக்கமெல்லாம் ராணுவம் நிறைந்திருந்தது. கூர்க்கா படைக்குச் சுங்கைப்பட்டாணியில் பயிற்சி முகாமே இருந்தது. அதனால் 44 மாடல் கான்வாஸ் பை, தண்ணீர்ப் புட்டி, கூர்க்காக்களின் வளைந்த கத்தியான குக்ரி எல்லாம் இங்கே தலைகாட்டக் கூடியவையே. 1944ஆம் ஆண்டின் அந்த வரிசை காட்டுப் போருக்கென்றே இலேசாக வடிவமைத்தது. குக்ரியில் சிங்கத்தலைப் பிடியும் பூவேலையும் இருந்தால் அது நினைவுப்பரிசு, வேலைக்காகச் செய்ததாக இருக்காது.

பர்மிங்காம் மார்டின்டேல் நிறுவனத்தின் முதலை முத்திரை போட்ட கத்தி கிடைத்தால் விடாதீர்கள். பிரிட்டிஷ் ராணுவத்துக்குக் கோலோக் (பாராங் மாதிரியான வெட்டுக்கத்தி) செய்து கொடுத்த நிறுவனம் அது. அமெரிக்கக் காலின்ஸ் நிறுவனம் 1826இல் தொடங்கி 1966இல் மூடப்பட்டது. கிரீடம், கை, சுத்தியல் சேர்ந்த முத்திரை அதனுடையது. இந்த மாதிரிக் கத்தியில் முத்திரைப் பக்கம் மணல்தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். துரு மேலோடு இருந்தால் மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய துணியால் துடைத்தால் போதும்.

அடுத்தது சோலா தொப்பி. துரைமார் தலையில் பழைய படங்களில் பார்த்திருப்பீர்கள். அசலானது நெட்டியால் செய்தது, தஞ்சாவூரில் கோயில் பொம்மை செய்யும் அதே நெட்டி. கையில் எடுத்தால் எடையே தெரியாது, விரலால் மெல்ல அழுத்தினால் சற்றே அமுங்கும். கனமாக, தட்டினால் அட்டைச் சத்தம் வந்தால் பிற்காலத்துக் காகிதக்கூழ்த் தொப்பி. நெட்டியை நனைக்கக் கூடாது, பூச்சியும் அரிக்கும். மழையில் போட்டுக்கொண்டு நடக்கத் தொப்பி வேண்டுமென்றால் முயல் உரோமத்தில் செய்த ஆஸ்திரேலிய அகூப்ரா மாதிரி வாங்குங்கள். ஆட்டு உரோமத் தொப்பி நம் ஊர் மழையில் சுருங்கி உருக்குலையும்.

பித்தளைத் திசைகாட்டியில்தான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். 'லண்டன் 1885' என்று பெரிதாகப் பொறித்து, மரப்பெட்டியோடு பளபளவென்று இருப்பதில் பெரும்பகுதி இந்தியாவின் ரூர்க்கி பக்கம் இப்போது செய்வது. அழகுக்கு வைக்கலாம், பழசு விலை கொடுக்காதீர்கள். அசல் ராணுவத் திசைகாட்டியில் பொறிப்பு சின்னதாக, அம்பு முத்திரையோடு இருக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்து மார்க் 3 வகை ஒரு நல்ல எடுத்துக்காட்டு. அந்தக் காலத்தில் இருட்டில் ஒளிரப் பூசியது ரேடியம். ஒளி செத்திருந்தாலும் கதிர்வீச்சு இருக்கும், ரேடியத்தின் அரைவாழ்வு சுமார் 1600 ஆண்டு. கண்ணாடியைத் திறக்காதீர்கள், பூச்சைச் சுரண்டாதீர்கள், பிள்ளைகள் கையில் தராதீர்கள்.

இனி நம்முடையது. பால்வெட்டும் உளி, பீங்கான் மங்கு, காண்டாக் கம்பு (தோளில் சுமை தூக்கும் கம்பு), கார்பைட் விளக்கு. உளியில் ஜெபோங் வகைதான் இங்கே பரவலாகப் புழங்கியது. பலமுறை தீட்டித் தீட்டிக் குறுகிப்போன உளியைக் கழிக்காதீர்கள், என் கண்ணுக்கு அதுதான் புதியதைவிட மதிப்பு. கார்பைட் விளக்கில் மேல் அறையில் தண்ணீர், கீழ் அறையில் கார்பைட் கல். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்து அசிட்டிலீன் வாயு எழும்பி, முன்னால் உள்ள மூக்கில் எரியும். வாங்கும்போது இரண்டு அறைக்கும் நடுவில் உள்ள ரப்பர் வளையத்தையும் மூக்குத் துளையையும் பாருங்கள். வளையம் இறுகி வெடித்திருந்தால் மாற்றாமல் எரிக்கவே கூடாது. மூடிய அறைக்குள் எரிப்பதும் கூடாது. மிஞ்சும் சுண்ணாம்புச் சேறு தோலை அரிக்கும், அதைக் கண்ட இடத்தில் கொட்டாதீர்கள்.

ஈரத்திலிருந்து காப்பது

நம் ஊர்க் காற்றில் எதிரி ஈரம்தான். கத்தியை வேலை முடிந்ததும் கழுவி, துடைத்து, மெல்லிய மினரல் எண்ணெய் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் நாளாக நாளாகப் பிசுபிசுக்கும். எண்ணெய் பூசிய பிறகும் தோல் உறைக்குள் வைத்துவிட வேண்டாம். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அதைப் பதப்படுத்திய உப்பும் சேர்ந்து அலகில் புள்ளிப்புள்ளியாகத் துரு விழும். உறை தனி, கத்தி தனி. மரப்பிடிக்கு எப்போதாவது ஆளிவிதை எண்ணெய் தேய்க்கலாம். தேய்த்த துணியை மட்டும் சுருட்டிப் போடாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்த பிறகு எறியுங்கள்.

தோல்பை, தொப்பி, திசைகாட்டிக்குப் படப்பிடிப்புக்காரர்கள் கேமரா வைக்கும் ஈரநீக்கி அலமாரி ஒன்று வாங்கினால் பெரிய நிம்மதி. ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும். ரொம்பக் குறைத்தால் தோல் வெடிக்கும். காளான் பூத்த தோலை வீட்டுக்கு வெளியே, காற்றில், உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சீட்டு எழுதுங்கள். யாருடையது, எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, என்ன வேலைக்கு, யார் கையிலிருந்து உங்களுக்கு வந்தது. பெரியவர்களிடம் பொருளைக் கையில் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். வெறுமனே கேட்டால் 'அதெல்லாம் மறந்துபோச்சுப்பா' என்பவர்கள், உளியைப் பிடித்ததும் எத்தனை மரம் வெட்டினோம், எந்தக் கங்காணி காலத்தில் என்று வரிசையாகச் சொல்வார்கள். சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் ஊறிப் பரவிவிடும். பருத்தி நூலால் கட்டுங்கள். ரப்பர் வளையம் உருகி ஒட்டிக்கொள்ளும், அதிலுள்ள கந்தகம் பித்தளையையும் கறுக்க வைக்கும்.